கைக்கு ஏது கருத்து

"இந்த வருஷக் கடைசிக்குள்ள முடிஞ்சிரும். அதுக்கப்புறம் மனுஷனுக்குப் பிரக்ஞை எங்கேருந்து வருதுங்கிற கேள்வியே உலகத்துல இருக்காது. பதில்தான் இருக்கும்."

சொன்னவன் சிரிக்கவில்லை. கையில் தண்ணீர் ஜாடியோடு, சாப்பாட்டு மேஜைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவில், மனித குலத்தின் சார்பாக நின்றுகொண்டிருந்தான். மனித குலத்தில் அப்போது அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தார். அண்ணி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஜாடியை உள்ள வைப்பா முதல்ல. கதவு திறந்தே கிடக்கு," என்றார் அண்ணி.

வீட்டில் அவனுக்குத் 'தீர்ப்பு' என்று பெயர். வைத்தவர் அண்ணன். அபிப்பிராயம் என்ற கட்டத்தில் அவன் எதற்கும் நின்றதில்லை, நேராகத் தீர்ப்புதான். பால் கெட்டுவிட்டதா, எதிர்வீட்டு நாய்க்கு என்ன மனக்குறை, எந்தக் கட்சி எப்போது உடையும் என்று எல்லா வழக்கும் அவனிடம் விசாரணையில்லாமலே முடிந்துவிடும். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தான். பிறகு, இயற்பியலில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டு மூளைக்கு வந்திருந்தான்.

அவனுடைய கொள்கையை அவனே கண்டுபிடித்தான் என்று சொல்ல முடியாது. உலகத்தில் ஏற்கெனவே சிலர் சொல்லிக்கொண்டிருந்ததுதான். நரம்புச் செல்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. கூடாரம் சரியாமல் தாங்கும் கம்புகள் மாதிரி அவை செல்லைத் தாங்குகின்றன என்பதோடு பாடப்புத்தகம் நிறுத்திக்கொள்ளும். இவர்கள் நிறுத்துவதில்லை. அந்தக் குழாய்களுக்குள் குவாண்டம் சமாச்சாரம் நடக்கிறது என்பார்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிலையில் இருக்கிற ஏதோ ஒன்று, ஏதாவது ஒரு நிலையில் வந்து விழுகிற கணம்தான் 'நான்' என்ற உணர்வின் ஒரு சொட்டு. மயக்க மருந்து போய் அந்தக் குழாயில் உட்கார்ந்துகொள்கிறது, சொட்டு நின்றுபோகிறது, ஆள் போய்விடுகிறார். மூளையை ஆராய்கிறவர்களில் பெரும்பாலோர் இதை நம்புவதில்லை. சூடும் ஈரமுமாக இருக்கிற மூளைக்குள் அவ்வளவு நொய்மையான ஒன்று கணநேரம்கூடத் தாங்காது என்பது அவர்கள் வாதம். தீர்ப்பு அவர்கள்மேல் கோபப்பட்டதில்லை. பரிதாபப்பட்டான்.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் பொறியாளர். மாடிகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு வழியாக நிதானமாகப் பேசிப் பேசி, எல்லாரிடமும் அதே குரலில் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

"நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு சொல்லு. மூளை எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கும் தெரியல. குவாண்டம் எப்படி வேலை செய்யுதுன்னும் யாருக்கும் தெரியல. அதனால ரெண்டும் ஒண்ணு. அதானே?"

"உங்ககிட்டப் பேசுறதும் லிஃப்ட்டுகிட்டப் பேசுறதும் ஒண்ணு."

"லிஃப்ட் கேட்டுக்கும்டா."

இந்த அண்ணனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொலைக்காட்சியில் மேட்ச் இறுக்கமான கட்டத்துக்கு வந்துவிட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் பார்த்தால் நம் அணி தோற்றுவிடுமாம். கூடத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் படுக்கையறையில் ஜன்னலைப் பார்த்தபடி நிற்பார். லிஃப்ட் பட்டனைப் பத்து தடவை அமுக்குகிறவர்களைப் பற்றி மணிக்கணக்காக நக்கலடிக்கிறவர் அவர்தான். "ஒரு தடவை அமுக்கினா போதும், மிச்சம் ஒன்பதும் அவங்க மனசுக்கு" என்பார். ஆனால் ஜன்னல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

தீர்ப்புக்கு இது திகட்டாத விருந்து.

"அண்ணே, ஒரு சந்தேகம். நீங்க பார்க்கிறது அங்க ஆடுறவனுக்கு எப்படித் தெரியுது? கேபிள் வழியா பின்னாடி போகுதா உங்க பார்வை?"

"நீ பாட்டுக்கு பாரு. என்னை விடு."

"இல்லண்ணே, அறிவியலுக்காகக் கேக்குறேன். கண்ணை மட்டும் மூடிக்கிட்டா போதாதா? எதுக்கு ரூம் மாத்தணும்? சுவரு எத்தனை இஞ்ச் தடிமன் இருந்தா பார்வை நிக்கும்?"

"ஏங்க, இவனை ஏதாவது லிஃப்ட்ல போட்டு நடுவுல நிறுத்துங்களேன்," என்றார் அண்ணி.

அண்ணி கால்நடை மருத்துவர். மயக்கம் கொடுப்பதில் தேர்ந்தவர். நாய், பூனைகளுக்கு அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையில் சில காலம் இருந்துவிட்டு, தீர்ப்பு வேலை பார்க்கும் அதே ஆராய்ச்சி நிலையத்தின் விலங்குப் பிரிவுக்கு வந்திருந்தார். அங்கே யார் எந்தக் கட்டுரை எழுதினாலும் எலியை மயக்கியவர் அண்ணியாகத்தான் இருக்கும். கட்டுரையின் கடைசி வரியில் நன்றி என்று அவர் பெயரைப் போடுவார்கள். ஒரு தடவை தவறுதலாக வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயரைப் போட்டிருந்தார்கள். அண்ணி அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் அந்த முன்பின் தெரியாத பெண்ணை நலம் விசாரிப்பார். சிரிப்பார். ஆனால் அதைக் கிழித்துப்போடவில்லை.

தீர்ப்பு தன்னுடைய சோதனைக்கு அண்ணியைத்தான் கேட்டான். இந்த முறை கடைசி வரியில் நன்றி இல்லை. முதல் பக்கத்தில், தன் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயர். அண்ணி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்.

"நெஜமாவா?"

"தீர்ப்பு சொன்னா சொன்னதுதான்."

சோதனை கேட்பதற்கு எளிது. அந்தக் குழாய்களை விறைப்பாக்குகிற ஒரு மருந்து இருந்தது. பாதி எலிகளுக்கு அந்த மருந்து ஊசி, மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடி உருளைக்குள் விட்டு மயக்க வாயுவைச் செலுத்த வேண்டும். கொள்கை சரியென்றால், விறைத்த குழாயில் வாயு உட்காரச் சிரமப்படும். மருந்து போட்ட எலி கூடுதல் நேரம் விழித்திருக்கும். விழித்திருக்கிறதா என்று எப்படித் தெரிவது? உருளையை மெல்லச் சுழற்றி எலியை மல்லாத்த வேண்டும். புரண்டு எழுந்தால் இன்னும் இருக்கிறது. கால்கள் மேலே பார்த்தபடி கிடந்தால் போய்விட்டது. மனித குலத்தின் ஆகப் பெரிய கேள்வி கடைசியில் ஒரு எலி புரளுமா புரளாதா என்பதில் வந்து நின்றது.

எந்த எலிக்கு எந்த ஊசி என்பது அண்ணிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தன்னிஷ்டத்துக்குப் பார்க்கும். ஊசிகளில் வெறும் எண்கள்தான் இருந்தன. எண்களைப் போட்டவன் தீர்ப்பு. எண் போட்டவர் சோதனை அறைக்குள் இருக்கக்கூடாது என்பதும் விதிதான். ஆனால் ஸ்டாப்வாட்ச் அமுக்கிக்கொண்டிருந்த உதவியாளர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

"நான் நிக்கிறேன். பட்டன் அமுக்கத்தானே? ஒரு கைதானே வேணும்? என் கைக்கு ஏது கருத்து?"

"எது எந்த ஊசின்னு உனக்குத் தெரியுமே?"

"வாயைத் திறக்கமாட்டேன் அண்ணி. மூலையில ஒரு கம்பம் மாதிரி நிக்கிறேன்."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். சோதனை நடந்த நாட்கள் முழுவதும் அவன் அந்த அறைக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வாழ்க்கையில் அவ்வளவு தொடர்ச்சியாக அவன் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

பேசியவர் அண்ணி. ஆனால் எலிகளோடு.

கூண்டிலிருந்து எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "வாடா ராசா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் தூங்கிட்டு வந்துருவியாம்." உருளைக்குள் விட்டுக் கதவைப் பூட்டுவார். சுழற்றுவார். எலி புரண்டு எழுந்தால், "இருக்கான்." மறுபடி சுழற்றுவார். "இருக்கான்." கடைசியில் கால் நான்கும் மேலே பார்த்தபடி அது கிடக்கும்போது குரலைத் தாழ்த்தி, "போயிட்டான்" என்பார். அந்தக் கணம் தீர்ப்பு பட்டனை அமுக்குவான். மயக்கம் தெளிந்து எலி மீசையை ஆட்டும்போது, "வந்துட்டியா? எங்க போயிருந்த?" என்று கேட்பார். எலி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சோதனையை அன்றைக்கே முடித்திருக்கலாம்.

"எல்லாரையும் இப்படித்தான் கேப்பீங்களா அண்ணி?" என்று ஒருநாள் திரும்பி வரும் வழியில் கேட்டான்.

"நாய், பூனை, எலி, உங்க அண்ணன். எல்லாரையும்தான்."

எந்த எண் எந்த ஊசி என்று பிரித்துப் பார்த்த அன்று தீர்ப்பு கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். மருந்து போட்ட எலிகள் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்திருந்தன. கொஞ்சநஞ்சமில்லை, யார் பார்த்தாலும் தெரிகிற வித்தியாசம். அன்று வீட்டில் அவன் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. அண்ணியின் பக்கத்தில் போய் நின்று, கணிப்பொறியைத் திருப்பிக் காட்டினான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். குளிர்பெட்டிக் கதவிலிருந்த தாளை எடுத்து, "இனிமே நீ உன் வீட்டுக்குப் போம்மா" என்று அந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்லிவிட்டு இழுப்பறையில் போட்டார்.

கட்டுரை வெளியே போவதற்கு முன்னால் நிலையத்திலேயே ஒரு குழு அதைப் பார்க்கும். குழுவில் நிலையத் தலைவரும், புள்ளியியல் பேராசிரியை ஒருவரும் இருந்தார்கள். பேராசிரியையை மாணவர்கள் சல்லடை என்பார்கள். எந்த முடிவும் அவர் வழியாகப் போகும்போது பெரும்பகுதி மேலேயே தங்கிவிடும். அவர் சோதனையின் வீடியோவில் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். உருளைக்கு நேராக ஒரு கேமரா எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

"டாக்டர் எலிங்ககிட்டப் பேசுறாங்க," என்றார் சல்லடை.

மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சிரித்தார். "பழக்கம் மேடம்."

"எல்லா எலிகிட்டயும் ஒரே அளவா பேசினீங்களா? சத்தம் கேட்டா எலி முழிச்சுக்கும். சிலதுகிட்டக் கூடுதலா பேசியிருந்தா, அது கூடுதல் நேரம் முழிச்சிருக்கும். மருந்தே வேண்டாம்."

"எனக்கு எது மருந்துன்னே தெரியாதே மேடம்."

"தெரியாமலும் நடக்கும்." சல்லடை தீர்ப்பின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதை நீங்க கவனிக்கலையா?"

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். ஒரு வருட உழைப்பு அந்த மேஜைமேல் இருந்தது. 'அவங்க எல்லாத்துகிட்டயும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க, நான் பக்கத்துலயே இருந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். அது அவனுக்குத் தெரிந்த உண்மையும்கூட. ஆனால் 'பக்கத்துலயே இருந்தேன்' என்பதுதான் விதிக்கு ஒத்துவராத பாதி. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி அவனைப் பற்றி வரும்.

"அது அவங்களோட சுபாவம் மேடம்," என்றான். "சொன்னா கேக்கமாட்டாங்க."

அவன் அண்ணியைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லக்கூடும், அண்ணியின் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை என்று. அது எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

முடிவு அன்றே வந்தது. கட்டுரை நிறுத்திவைக்கப்பட்டது. எல்லா வீடியோவையும் பார்த்து, எந்த எலியிடம் எவ்வளவு பேச்சு என்று தீர்ப்பு கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை டாக்டர் சோதனை அறைக்கு வரவேண்டாம், கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் அண்ணி அவனிடம் சண்டை போடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார். "தம்பி, சாப்பாடு வெச்சிருக்கு" என்று, விருந்தாளியைக் கூப்பிடுவது போல. 'தீர்ப்பு சார் வரலாமா' என்ற பழைய அழைப்பு நின்றுபோனது. அண்ணன் ஒருநாள் செருப்பு மாட்டிக்கொண்டே, "ஒரு வாக்கியம்டா. உனக்கு வாக்கியத்துக்கா பஞ்சம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

தீர்ப்பு வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். கூட்ட அறையில், ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு, மதிய வெயில் கோடுகோடாக மேஜைமேல் விழ, எலி எலியாகப் பார்த்தான். அண்ணியின் பேச்சை எண்ணினான். எண்ணவே தேவையில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எல்லா எலிக்கும் ஒரே ராசா, ஒரே ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல. வார்த்தைகூட மாறவில்லை. மருந்து எலியும் உப்புத் தண்ணீர் எலியும் அண்ணிக்கு ஒன்றுதான்.

அவனுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. வித்தியாசம் பேச்சினால் இல்லை. அண்ணிமேல் தப்பில்லை. கொள்கையும் தப்பித்தது. எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொடுத்தால் போதும்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று ஒரு வீடியோவைப் போட்டான். பெருமைக்காகத்தான். அப்போதுதான் உருளையின் கண்ணாடி வளைவில், எலியின் முதுகுக்கு மேலே, நீளமாக இழுத்துவிட்ட மாதிரி ஒரு ஆள் தெரிந்தான். கையில் ஸ்டாப்வாட்ச். அவனேதான்.

அந்த வீடியோவில் இருந்தது மருந்து போட்ட எலி. கண்ணாடியில் இருந்த ஆள் குதிகாலைத் தூக்கி நின்றிருந்தான். தோள் காதுவரை ஏறியிருந்தது. மூச்சு விடவில்லை. எலி மல்லாந்து கிடந்தது. அண்ணி "போ..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். "இருக்கான், இருக்கான். கால் அசையுது" என்று இன்னொரு சுற்று சுற்றினார்.

உப்புத் தண்ணீர் எலியின் வீடியோவைப் போட்டான். கண்ணாடி ஆள் சுவரில் சாய்ந்திருந்தான். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலி மல்லாந்ததுமே அண்ணி "போயிட்டான்" என்றார்.

அடுத்தது. அதற்கடுத்தது. மருந்து என்றால் குதிகால் ஏறியது. தண்ணீர் என்றால் இறங்கியது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய கொள்கை அவனுடைய கெண்டைக்கால் வழியாகப் பேசிக்கொண்டிருந்தது.

வேறு யாரும் இதைப் பார்க்கப்போவதில்லை. சல்லடை கேட்டது பேச்சைப் பற்றி மட்டும்தான். அவன் ஜன்னல் திரைகளை ஏற்றிவிட்டான். பிறகு கணிப்பொறியைத் தூக்கிக்கொண்டு விலங்குப் பிரிவுக்கு இறங்கிப் போனான்.

அண்ணி நீல அங்கியோடு கூண்டுத் தட்டுகளை அலசிக்கொண்டிருந்தார். ஈர மரத்தூளும் மருந்துத் தண்ணீரும் கலந்த நெடி. அவன் பக்கத்திலிருந்த இரும்பு மேஜையில் கணிப்பொறியை வைத்தான்.

"அண்ணி, ஒண்ணு காட்டணும்."

"எத்தனை ராசா சொல்லியிருக்கேன், கணக்கு வந்துருச்சா?"

"அது எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு. இது வேற."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. அவன் திரையில் விரலை வைத்து அந்த வளைந்த ஆளைக் காட்டினான். பிறகு எலியின் காலைக் காட்டினான்.

"கால் அசைஞ்சுது. அதான் இன்னொரு சுத்து விட்டேன்," என்றார் அண்ணி.

அவன் மறுபடி போட்டான். கால் அசையவில்லை.

"கொஞ்சம் பின்னாடி போ."

போனான். அசையவில்லை. மெதுவாக ஓட விட்டான். நான்கு காலும் நட்டுவைத்த குச்சிகள் மாதிரி நின்றன.

"நான் பார்த்தேனே தம்பி." அண்ணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இப்பக்கூட எனக்கு ஞாபகம் இருக்கு. பின்னங்கால். விரலு விரிஞ்சு மூடிச்சு. நான் எலியைத்தான் பார்த்துட்டு இருந்தேன். உன் பக்கம் திரும்பவே இல்ல."

"தெரியும் அண்ணி. வீடியோல திரும்பலை."

"அப்ப உன்னை யாரு பார்த்தா?"

குழாய்கள், சொட்டு, வந்து விழுகிற கணம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் இரும்பு மேஜைக்கு முன்னால் ஈர அங்கியோடு நின்ற ஒருவர், தன் கண் தனக்குத் தெரியாமல் யாருக்கு வேலை பார்த்தது என்று கேட்டபோது, அதில் ஒன்றும் பொருந்தவில்லை.

"சல்லடை பேச்சைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க," என்றான் கடைசியில். "பேச்சு சமமா இருந்துச்சுன்னு மட்டும் எழுதிக் கொடுத்தா முடிஞ்சுது. பேப்பர் வெளிய போயிரும். உங்க பேரு முதல் பக்கத்துல வரும்."

"வரும்." அண்ணி திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அசையாத காலை அசைஞ்சுதுன்னு சொன்னவ பேரு."

தட்டுகளுக்குத் திரும்பினார். தண்ணீரைத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவர் குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை.

"அன்னைக்கு அந்த ரூம்ல, நானும் கூடத்தான் இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னைக்கே ரெண்டு பேருமா சேர்ந்து தேடியிருப்போம். இப்ப நீ தனியா கண்டுபிடிச்சுட்டு வந்து எனக்குக் காட்டுற."

"மன்னிச்சிருங்க அண்ணி."

அவனுக்குப் பழக்கமில்லாத வாக்கியம். அது தீர்ப்பு மாதிரியே வந்து விழுந்தது. அண்ணி தலையாட்டினார். மன்னித்தாரா, கேட்டது என்றாரா, தெரியவில்லை.

குழுவுக்கு அவனே போனான். வீடியோவை ஓட விட்டு, கண்ணாடியில் தன்னைச் சுட்டிக் காட்டினான். விதிப்படி தான் அந்த அறையில் இருந்திருக்கக்கூடாது என்றான். டாக்டரைப் பற்றித் தான் சொன்னது சரியில்லை என்றான். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் சல்லடை. பாராட்டுவது போலவும் இருந்தது. தன்மேல் எரிச்சல்பட்டது போலவும் இருந்தது. "மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடுங்க. புதுசா பண்ணுங்க. எண் நான் போடுறேன். வாட்சுக்கு என் மாணவி வருவா. நீங்க கதவுக்கு வெளிய."

"டாக்டர்?"

"அவங்க சம்மதிச்சா."

அண்ணி உடனே சம்மதிக்கவில்லை. சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் ஒரு காலை, குளிர்பெட்டிக் கதவில் அந்த நன்றித் தாள் திரும்ப ஒட்டப்பட்டிருப்பதைத் தீர்ப்பு பார்த்தான். பிறகு ஒருநாள் அண்ணி, சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே, "திங்கக்கிழமை ஆரம்பிக்கலாம்னு சொல்லிரு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் சோதனை அறையின் கதவு சாத்தப்பட்டது. கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. தீர்ப்பு நடைபாதையில் நின்று அது வழியாகப் பார்த்தான். அண்ணியின் முதுகு தெரிந்தது. சல்லடையின் மாணவி வாட்சோடு, உருளை தெரியாத கோணத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இப்போது எது எந்த ஊசி என்று அவனுக்கே தெரியாது. குதிகால் ஏறினாலும் இறங்கினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

அண்ணி முதல் எலியைக் கூண்டிலிருந்து எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து உருளைக்குள் விட்டார். கதவைப் பூட்டினார். சுழற்றினார்.

பேசவில்லை.

அவன் காதைக் கண்ணாடியருகே கொண்டுபோனான். உருளையின் முனகல் கேட்டது. வாயு போகும் மெல்லிய சீறல் கேட்டது. அண்ணி எலியின் காலுக்கு அருகே குனிந்து, நம்பிக்கையில்லாத ஒரு ஆள் தராசு முள்ளைப் பார்ப்பது போல, பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். கையைத் தூக்கி மாணவிக்குச் சைகை காட்டினார். அவ்வளவுதான். எலி தெளிந்து மீசையை ஆட்டியபோது அதை எடுத்துக் கூண்டில் விட்டார். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை.

இரண்டாவது எலிக்கும் அப்படித்தான்.

முடிவு எப்படியும் வரட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவனுக்கே புதிதாக இருந்தது. குழாய் விறைக்கட்டும், விறைக்காமல் போகட்டும். அந்த எலியிடம் அண்ணி ஒரு வார்த்தை பேசினால் போதும். ஒரே ஒரு ராசா.

மூன்றாவது கூண்டை அண்ணி திறந்தார். தீர்ப்பு கண்ணாடிச் சதுரத்திலிருந்து விலகினான். விலகியது போதாது என்று பட்டது. நடைபாதையின் எதிர்ப்பக்கம் போனான். அங்கே ஒரு வெள்ளைச் சுவர் இருந்தது. கதவுக்கு முதுகைக் காட்டி, அந்தச் சுவரைப் பார்த்து நின்றான். பிறகு கண்ணையும் மூடிக்கொண்டான்.

கூண்டுத் தட்டுகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோன ஊழியர் ஒருவர் நின்றார்.

"என்ன சார், இங்க நிக்கிறீங்க? கதவுக் கண்ணாடி வழியா நல்லா தெரியுமே?"

"தெரியும்ணே," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "நான் பார்க்கலை. நீங்க போங்க."